உரிமையாளர்: திருமதி கலாமணி

ஜூலை 1, திங்கள்

வருமான வரிக் கணக்குக்கான ஆவணங்களைத் திரட்டும் பணியை இன்று தொடங்கினேன். கடைசித் தேதி முப்பத்தொன்று. நாட்டில் பெரும்பாலோர் முப்பதாம் தேதி மாலைதான் விழித்துக்கொள்வார்கள். நான் அந்த ரகம் இல்லை. பம்ப் கம்பெனியில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கொள்முதல் மேலாளர். ஒரு நட்டு வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை கேட்பவன். பில்லில் சீல் மங்கலாக விழுந்திருந்தால் கொண்டுவந்தவரைச் சூலூருக்கே திருப்பி அனுப்புபவன். உலகம் இதுவரை என்னிடம் காகிதம் கொடுத்துத்தான் பழகியிருக்கிறது. என்னிடம் காகிதம் கேட்பது இதுவே முதல் தடவை. ஆகவே நடப்பதைத் தேதி போட்டு எழுதிவைப்பது நல்லது.

இதற்குக் காரணம் கம்பெனிக்கு வந்திருக்கும் புதிய அக்கவுண்ட்ஸ் அதிகாரி. ஒவ்வொரு மார்ச் மாதமும் நான் பன்னிரண்டு வாடகை ரசீதுகளை எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கலாமணியிடம் நீட்டுவேன். என் மனைவி அடுப்பைக்கூட அணைக்காமல் கையெழுத்துப் போடுவாள். வீடு அவள் பெயரில் இருக்கிறது, அவள் அப்பா எழுதிவைத்தது. அதில் நான் மாதம் இருபத்தைந்தாயிரம் கொடுத்துக் குடியிருப்பதாக ரசீது சொல்லும். சம்பளத்தில் அந்த அளவுக்கு வரி குறையும். கோவையில் பாதிப் பேர் மாமனார் வீட்டிலும் அம்மா வீட்டிலும் இப்படித்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. வழக்கம்.

புதிய அதிகாரி இந்த முறை ரசீதுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒப்பந்தம் எங்கே என்றார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முழு வரியும் பிடித்துவிட்டார்கள். இனி நானே கணக்குத் தாக்கல் செய்து, வாடகையைக் காட்டி, பிடித்ததைத் திரும்பப் பெற வேண்டும். தொகை 59,904 ரூபாய்.

ஜூலை 3, புதன்

ஆடிட்டர் நாச்சிமுத்துவின் அலுவலகம் காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கிறது. பல ஆண்டுகளாக எனக்குக் கணக்குப் போடுபவர். ஆபீஸ் கொடுக்கும் ஃபார்ம் 16-ஐக் கலாமணி கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள், மற்றது நடந்துவிடும். நான் நேரில் போனது இதுதான் முதல் தடவை.

"வாடகை வீடுங்களா சார்?"

"ஆமா."

"ஓனர் யாருங்க?"

"என்ற சம்சாரம்."

"மேடம் எங்க இருக்கறாங்க?"

"அதே வீட்லதான்."

"நீங்க?"

"நானும் அங்கதான். என்ன கேள்வி இது?"

பேனாவை மூடி வைத்தார். "இல்லீங்க, ஓனரும் குடித்தனக்காரரும் ஒரே கட்டல்ல படுத்துட்டு இருக்கறீங்களே, அதான் கேட்டனுங்க."

தொழில் தெரிந்த மனிதர், ஆனால் எதற்கும் சிரிக்கிற பழக்கம் இருக்கிறது. சிரித்து முடித்துவிட்டுத் தேவையான காகிதங்களைச் சொன்னார். ஃபார்ம் 16, வங்கி வட்டிச் சான்று, காப்பீட்டு ரசீதுகள், பெண்ணின் கல்லூரிக் கட்டண ரசீது. பிறகு வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் பான் எண். இனிமேல் வாடகையை வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். கடைசியாக ஒன்று: நான் கொடுத்ததாகச் சொல்லும் மூன்று லட்சத்தை உரிமையாளரும் தன் கணக்கில் வருமானமாகக் காட்ட வேண்டும். அவளுக்கு வரி வராது. கையெழுத்து மட்டும் வேண்டும்.

"மேடம் ஒத்துக்குவாங்களா சார்?"

"அவ எதுக்கு ஒத்துக்காம இருப்பா?" என்றேன்.

ஜூலை 4, வியாழன்

காப்பீட்டு பாலிசிகளைத் தேடினேன். கலாமணிதான் எடுத்துக் கொடுத்தாள், பீரோவில் எது எங்கே என்று அவளுக்குத்தான் தெரியும். கொடுக்கும்போது மேலாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நாமினின்னு உங்க அண்ணன் பேரு போட்டிருக்குதுங்களே?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது புள்ள. மாத்தோணும். நேரம் கெடைக்கல."

"இன்னொண்ணு தாரணி பொறந்ததுக்கு அப்புறம் எடுத்ததுங்க."

தேதியைப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். "ஏஜென்ட் பழசப் பாத்து எழுதிட்டான்போல" என்றேன்.

"போச்சாதுங்க, பரவாயில்லீங்க" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனாள். கலாமணியிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டாள்.

ஜூலை 6, சனி

தாரணியின் கல்லூரிக் கட்டணத்துக்கும் வரிவிலக்கு உண்டு. சென்னையில் மூன்றாம் ஆண்டு பொறியியல் படிக்கிறாள். ரசீதுகள் எல்லாம் இருந்தன. ஆனால் பணம் கட்டியவர் என்ற இடத்தில் கலாமணியின் பெயர். மூன்று ஆண்டுகளுக்கும்.

நான்தான் கட்டிவருகிறேன் என்ற எண்ணத்தில் இருந்தேன்.

"மொத வருசம் கேட்டனுங்க. தோப்புக்கு ஒரம் போடோணும்னு அண்ணனுக்கு அனுப்பிப்போட்டேன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் நா கேக்கலீங்க" என்றாள்.

அது உண்மைதான். காங்கேயத்துக்குப் பக்கத்தில் அண்ணனின் தென்னந்தோப்பில் எனக்குப் பாதிப் பங்கு உண்டு. அது எதிர்காலத்துக்கான முதலீடு. ஆனால் கட்டணத்துக்கு இவளுக்கு எங்கிருந்து பணம்? காலையும் மாலையும் கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள், பொழுதுபோக்குக்காக நாலைந்து பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன். இன்று மாலை வாசலைத் தாண்டி உள்ளே வர வழியில்லாமல் செருப்புகள் கிடந்தன. பிள்ளைகள் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

கட்டணத்தை நான் கணக்கில் காட்ட முடியாது என்று நாச்சிமுத்து போனில் சொன்னார். நஷ்டம்தான்.

ஜூலை 7, ஞாயிறு

வாடகை ஒப்பந்தம் எழுதினேன். சென்ற ஆண்டு ஏப்ரல் தேதியில் முத்திரைத்தாள் கிடைக்கும் இடம் ஒன்று எனக்குத் தெரியும். கொள்முதல் மேலாளருக்குத் தெரியாத இடம் இல்லை.

எங்கள் கம்பெனி குடோனுக்கு எழுதிய ஒப்பந்தத்தை மாதிரியாக வைத்துக்கொண்டேன். பதினாறு ஷரத்துகள். எதிலும் ஓட்டை இல்லை. குடியிருப்பவர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வெடிபொருள், விஷவாயு வைக்கக் கூடாது. வெளியாட்கள் இரண்டு நாளுக்கு மேல் தங்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். எந்தத் தரப்பும் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். வாசித்துப் பார்த்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. இரு தரப்பு நலனையும் பார்த்து எழுதியிருக்கிறேன், இரண்டு தரப்பும் நான்தான் என்றாலும்.

ஜூலை 8, திங்கள்

கலாமணியை ஆடிட்டரிடம் அழைத்துப்போனேன். அரை மணி நேர வேலை என்று சொல்லியிருந்தேன்.

ஒப்பந்தத்தை நாச்சிமுத்து அவள் முன்னால் வைத்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டிருந்தார். இவள் கைப்பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். இவளுக்குக் கண்ணாடி இருப்பது எனக்கு அங்கேதான் தெரியும்.

"வெடிபொருள் வெக்கக் கூடாதுன்னு இருக்குதுங்களே. உங்க அண்ணி வந்தா என்ன பண்றதுங்க?"

நாச்சிமுத்து இருமலுக்காக வெளியே போய்விட்டு வந்தார்.

மீண்டும் படித்தாள். "வாடகை இருபத்தஞ்சாயிரமுங்களா?"

"கணக்குக்காகப் போட்டது."

"நா வாங்கினனுங்களா?"

நாச்சிமுத்து மின்விசிறியைப் பார்த்தார். நான் நாச்சிமுத்துவைப் பார்த்தேன்.

"வாங்காத பணத்த வாங்கிட்டேன்னு வருசா வருசம் எழுதிக் குடுத்திருக்கறேன். படிச்சுக்கூடப் பாக்கல. பிள்ளைங்க இப்படிக் கணக்கு எழுதினா நா முட்டை போட்டிருப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தோசைக்கு மாவு இல்லை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். "ஒப்பந்தத்துல போடறனுங்க. என்ற வரிக் கணக்குல இப்பப் போடலீங்க ஆடிட்டர் சார். கடைசித் தேதிக்கு முன்னாடி சொல்றேன். அதுக்குள்ள இதுல இருக்கறது நெசமா பொய்யான்னு தெரிஞ்சு போயிருமில்லீங்களா?"

"தெரிஞ்சிருமுங்க" என்றார் அவர். பிறகு என்னிடம், "மேடம் அவங்க கணக்குல காட்டாம உங்களுக்கு இத நான் போட மாட்டனுங்க சார்" என்றார்.

ஆக 59,904 ரூபாய் இவளுடைய ஒரு கையெழுத்தில் நிற்கிறது. கவலை இல்லை. இருபத்துநாலு வருடப் பழக்கம்.

ஜூலை 9, செவ்வாய்

ஜூலை மாத வாடகை இருபத்தைந்தாயிரத்தைக் கலாமணியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். இனி எல்லாம் உண்மை, அவள் கேட்டபடி. மாலைக்குள் அவள் அதை எனக்குத் திருப்பி அனுப்பிவிடுவாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா இது.

ஜூலை 10, புதன்

பணம் வரவில்லை. வங்கியில் ஏதோ கோளாறாக இருக்கும்.

ஜூலை 11, வியாழன்

"ஏம்புள்ள, பணம் வந்துதா?"

"வந்துதுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னுங்க? ரசீது வேணுமுங்களா?"

ரசீது எழுதியே கொடுத்துவிட்டாள். கையெழுத்து அழகாக இருக்கிறது. அவசரம் இல்லாமல் போட்டால் இவள் கையெழுத்து இப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

நல்ல யோசனை ஒன்று தோன்றியது. மாடியில் ஓர் அறையும் குளியலறையும் கொண்ட சிறு போர்ஷன் இருக்கிறது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் இருந்தார்கள், சென்ற மாதம் காலி செய்துவிட்டார்கள். அதற்கு வாடகை ஒன்பதாயிரம்தான். இருபத்தைந்தாயிரம் கொடுத்துக் கீழே இருப்பதைவிட, ஒன்பதாயிரம் கொடுத்து மேலே இருந்தால் மாதம் பதினாறாயிரம் மிச்சம்.

முறைப்படி மற்ற இடங்களிலும் விசாரித்தேன். கணபதியில் இதே அளவு அறை ஒன்பதரை. ராமநாதபுரத்தில் பத்து, தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். கலாமணியின் விலைதான் குறைவு. பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தேன்.

"அட்வான்ஸ் ரெண்டு மாசமுங்க" என்றாள்.

"ஒரு மாசம்."

"அந்தப் புள்ளைங்ககிட்ட ரெண்டு வாங்கினனுங்க."

"அவங்க வெளியாளுங்க. நான் உன்ற புருசன்."

"சரிங்க, ஒரு மாசம்" என்றாள். மற்ற ஷரத்துகள் பழைய ஒப்பந்தத்தில் உள்ளபடியே.

என் பத்தொன்பது வருட அனுபவத்தில் இவ்வளவு சுலபமாக விலையை இறக்கிய பேரம் இன்னொன்று இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

புதன்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள். ஆகவே இன்றே மாடிக்கு மாறினேன். ஒரு கட்டில், ஒரு மேசை, துணிகள், கோப்புகள். கலாமணியே ஒரு சின்னக் குடத்தில் தண்ணீரும் உப்பும் மஞ்சளும் முதலில் கொண்டுவந்து வைத்தாள், புதுக் குடித்தனம் வரும்போது செய்வதைப் போல. யார் வந்தாலும் செய்வாளாம்.

எதிர்வீட்டுப் பொங்கியண்ணன் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சென்னியப்பன், ஆடிக்குப் புதுசாக் கட்டிக்கிட்டவங்களத்தானுங்க பிரிச்சு வெப்பாங்க. உங்களுக்கு என்னுங்க இந்த வயசுல?"

"இன்கம்டாக்ஸ் விசயமுங்க" என்றேன்.

சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "ரெய்டுங்களா?"

அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். தெருவில் ஒரு மரியாதை இருக்கும்.

ஜூலை 15, திங்கள்

காலையில் டீக்காகக் கீழே போனேன். கதவு சாத்தியிருந்தது, உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கலாமணி வந்து எட்டிப் பார்த்தாள்.

"சாப்பாடு, டீயெல்லாம் வாடகைல சேர்த்தியான்னு ஒப்பந்தத்துல இல்லீங்களே."

எடுத்துப் பார்த்தேன். இல்லைதான். குடோன் ஒப்பந்தத்தில் அது எப்படி இருக்கும்? பதினாறு ஷரத்து எழுதியவன் பதினேழாவதை விட்டுவிட்டேன். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துக்கொண்டேன். சாம்பார் பரவாயில்லை.

குளிக்கும்போது தண்ணீர் நின்றுவிட்டது. மோட்டார் போட வேண்டுமாம். சுவிட்ச் எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. அந்த மோட்டார் எங்கள் கம்பெனியில் செய்தது. ஊழியர் சலுகை விலையில் நானே வாங்கி வந்தது. அதை யார் தினமும் போட்டுவந்தார்கள் என்பதைப் பற்றி நான் யோசித்ததில்லை. யோசிக்கும்படியாக ஒருநாளும் தண்ணீர் நின்றதில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் தேதி. கீழே ஆடிப் பிறப்புக்குத் தேங்காய் சுடுகிற வாசனை. டியூஷன் பிள்ளைகளுக்காம்.

ஜூலை 20, சனி

அண்ணன் ஊரிலிருந்து வந்தார். கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் பத்து நாள் தங்கிப் போகலாம் என்று பெட்டியோடு வந்துவிட்டார். எப்போதும் அப்படித்தான் வருவார், கலாமணி மூன்று வேளையும் சமைப்பாள். இன்று கீழ்வீட்டுக் கதவைத் திறந்து, "வாங்க மாமா, தண்ணி குடிங்க. அவரு மேல குடியிருக்கறாருங்க, படி அந்தப் பக்கம்" என்று சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் மூச்சு வாங்க மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏன்டா, உன்ற வீடு உன்ற வீடுன்னு சொல்லிட்டு இருந்தே. இதென்னடா கோழிக்கூடாட்ட?"

நிலைமையை விளக்கினேன். ஒப்பந்தப்படி வெளியாட்கள் இரண்டு நாளுக்கு மேல் தங்க அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் சொன்னேன். மெஸ்ஸிலிருந்து பார்சல் வாங்கிவந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஆவணங்களைத் திரட்டும் ஞாபகத்தில் கேட்டுவைத்தேன்.

"அண்ணா, தோப்புல என்ற பாதிப் பங்குக்கு ஒரு காகிதம் எழுதி வெச்சுக்கலாமுங்களா? இத்தன வருசம் பணம் அனுப்பியிருக்கறேன், ஒரு கணக்குக்கு இருக்கட்டுமே."

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டார். "அண்ணந் தம்பிக்குள்ள காகிதம் எதுக்குடா? அவ சொல்லிக் குடுத்தாளா?"

"இல்லீங்க. நானாத்தான்..."

"நல்லா இருக்குதுடா" என்றார்.

மாலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். கண் சரியாகிவிட்டதாம். தம்பிக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு எப்போதும் உண்டு.

போகும்போது கலாமணி கீழே நின்று அவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள். தோப்பைப் பற்றிப் பேசியது கீழே கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன், ஜன்னல் திறந்துதான் இருந்தது.

ஜூலை 23, செவ்வாய்

நாச்சிமுத்துவிடம் வங்கி வட்டிச் சான்றுகளைக் கொடுத்தேன். மாடிக்கு மாறிய விவரத்தைச் சொல்லி, மாதம் பதினாறாயிரம் மிச்சம் பிடித்ததையும் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"சார், உங்க அடிப்படைச் சம்பளம் தொண்ணூறாயிரமுங்களே."

"ஆமா."

"அதுல பத்துல ஒரு பங்குக்கு மேல குடுக்கற வாடகைக்குத்தானுங்க விலக்கு. பத்துல ஒரு பங்கு எவ்வளவுங்க?"

"ஒம்பதாயிரம்."

"வாடகை?"

அவர் கீழே பேக்கரியிலிருந்து டீ வரவழைத்தார்.

"போன வருசத்துக்குத்தானுங்க உங்களுக்கு அறுபதாயிரம். இனிமே இந்த மாடிக்கு ஒத்த ரூவா விலக்கு இல்லீங்க. சும்மாதான் மேல இருக்கறீங்க."

அடுத்த ஆண்டுக் கவலை அடுத்த ஆண்டுக்கு. இந்த ஆண்டுத் தொகை இந்த ஆண்டுத் தொகை.

ஜூலை 26, வெள்ளி

தாரணி போனில் பேசினாள். மாடி அறை ஃபேன் சத்தம் போடுகிறது, அம்மாவிடம் சொல்லி ஆள் வரச் சொல் என்றேன்.

"ஹவுஸ் ஓனர்கிட்ட நீங்களே பேசிக்கோங்கப்பா. எனக்கு எதுக்கு வம்பு" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கீழ போயிருங்கப்பா" என்றாள். எதற்குக் கீழே என்று கேட்பதற்குள் அவளுக்கு வகுப்பு ஆரம்பித்துவிட்டது.

ஜூலை 28, ஞாயிறு

மதியம் கலாமணி மேலே வந்தாள். நான் மாறியதற்குப் பிறகு அவள் மேலே வருவது இதுதான் முதல் தடவை. உரிமையாளர் சோதனைக்கு வரலாம் என்று ஷரத்து இருப்பதால் நான் எழுந்து நின்றேன்.

"சோதிக்க வரலீங்க. உக்காருங்க" என்றாள். அவள் உட்காரவில்லை. கொடியில் காய்ந்த என் சட்டையை எடுத்து மடித்தாள், வேறெதற்கும் இல்லை, கை சும்மா இருக்காது அவளுக்கு.

"கடைசித் தேதிக்கு மூணு நாள்தானுங்க இருக்குது."

"ஆமா. உன்ற கையெழுத்துதான் பாக்கி."

"போடறனுங்க. போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிப்போடறேன். நா போட்டுட்டா இதெல்லாம் நெசமுங்க. நா ஓனரு, நீங்க குடியிருக்கறவரு. நீங்க மேல, நா கீழ. உங்களுக்கு மெஸ்ஸு, எனக்கு என்ற பிள்ளைங்க. அப்படியே இருந்துக்கலாம், எனக்கு ஒரு செரமமும் இல்ல, இந்த ரெண்டு வாரமாப் பாத்துட்டேன்."

"இல்லீன்னா?"

"இல்லீன்னா அந்த வாடகையக் கணக்குல போடாம வுட்டுருங்க. குடுத்த ரூவாயத் திருப்பித் தந்தர்றேன். அந்த ஒப்பந்தத்தக் கிழிச்சுப்போட்டுட்டு, பெட்டியத் தூக்கிட்டுக் கீழ வாங்க. வீடு அவ பேர்ல இருக்குது, நா அவகூட சும்மா இருக்கறேன்னு நாலு பேர்கிட்டச் சொல்லுங்க. அதுல ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டீங்க."

"அறுபதாயிரம் கொறயும் புள்ள."

அவள் சட்டையைக் கட்டில்மேல் வைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்:

"அதுவுமில்லாம ஆடி. ஆடில யாரு வீடு மாத்துவாங்க?"

"வீடு மாத்தறதுக்குத்தானுங்க ஆடி பாக்கோணும்" என்றாள். "வீட்டுக்கு வர்றதுக்கு எதுக்குப் பாக்கறது?"

நாளைக்குச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

மாலை முழுவதும் யோசித்தேன். எதையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவெடுப்பது என் வழக்கம். ஒரு தாளில் கோடு போட்டு ஒரு பக்கம் 59,904 என்று எழுதினேன். மறுபக்கத்தில் என்னென்ன வரும் என்று எழுத ஆரம்பித்தேன். காலை டீ. நிற்காத தண்ணீர். பிள்ளைகள் போன பிறகு கூடத்தில் கலாமணி சாக்பீஸ் தூளைப் பெருக்கிக்கொண்டே எனக்குக் கேட்காத குரலில் பாடும் ஏதோ பாட்டு. அது கேட்காத குரல் இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, மேலே வந்த பிறகுதான் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை போட வேண்டும் அல்லவா? போட முடியவில்லை. எதற்கும் பில் இல்லை.

பில் இல்லாததைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. இந்த விதியை நான் யாருக்காகவும் தளர்த்தியதில்லை.

ஜூலை 29, திங்கள்

முடிவைச் சொன்னேன். "சரிங்க" என்றாள். மத்தியானமே ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். என்னை அழைக்கவில்லை.

நாச்சிமுத்து போன் செய்து, "முடிஞ்சுதுங்க சார்" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

ஜூலை 31, புதன்

மாலை ஐந்தரைக்கு நாச்சிமுத்து மீண்டும் போன் செய்தார்.

"சார், உங்க கணக்க ஏத்தியாச்சுங்க. கடைசியா ஒண்ணே ஒண்ணு. ஆதாருக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கறேன், அந்த ஆறு நம்பரச் சொன்னீங்கன்னா முடிஞ்சுது. சொல்லலீன்னா தாக்கல் பண்ணுனது முழுசாகாதுங்க. கால் மணி நேரத்துல காலாவதி ஆயிரும்."

என் போனில் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். வரவில்லை.

"எந்த நம்பருக்கு அனுப்பினீங்க?"

"ஆதார்ல இருக்கற நம்பருக்குத்தானுங்க. மேடம் நம்பரு."

ஆதார் எடுத்த காலத்தில் கண்ட கண்ட கம்பெனியிலிருந்தெல்லாம் போன் வரும் என்று யாரோ சொன்னதால், என் எண்ணைக் கொடுக்காமல் கலாமணியின் எண்ணைக் கொடுத்திருந்தேன். வருகிற தொல்லை அவளுக்கு வரட்டும் என்று.

"வருசா வருசம் மேடத்துக்குத்தானுங்க போன் பண்ணி வாங்குவோம். இந்தத் தடவை நீங்களே எல்லாம் பண்றீங்களேன்னு உங்களக் கூப்பிட்டேன்" என்றார் நாச்சிமுத்து. "நான் அவங்களுக்கே அடிச்சுக் கேக்கட்டுங்களா?"

"வேண்டாம். நானே கேக்கறேன்."

கீழே போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இந்த வீட்டுக்கு அழைப்பு மணி இருப்பது எனக்குத் தெரியும், ஆனால் நான் அதை அழுத்தியதில்லை. பொத்தான் எந்தப் பக்கம் என்று தேடி அழுத்தினேன்.

"யாருங்க?"

"நான்தான்."

"யாருன்னு கேட்டனுங்க."

தெருவில் பொங்கியண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.

"மேல குடியிருக்கறவனுங்க."

கதவு ஓரடி திறந்தது. ஒரு கையில் சாக்பீஸ், மறுகையில் போன்.

"உன்ற... உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். வரிக் கணக்குக்கு. சீக்கிரம் வேணும்."

போனைத் தூர வைத்துப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு நிதானமாக முழுவதையும் படித்தாள்.

"வந்திருக்குதுங்க. ஆனா இத யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு போட்டிருக்குதுங்களே."

"அது வெளியாளுங்களுக்குப் போட்டிருக்கறது."

"ஆமாங்க" என்றாள். "அதத்தான் சொல்றேன்."

உள்ளே ஒரு பிள்ளை, "மிஸ், மீதி வரலீங்க மிஸ்" என்று கத்தியது. அவள் திரும்பி, "இன்னொரு தடவை போட்டுப் பாரு கண்ணு" என்றாள். பிறகு ஆறு எண்களையும், சொல்வதை எழுதும் பிள்ளைக்குச் சொல்வதுபோல, ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது.

படியில் நின்றே நாச்சிமுத்துவுக்குச் சொன்னேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது. 59,904 ரூபாய் சில வாரங்களில் வந்துவிடும். காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன, எதுவும் விடுபடவில்லை என்று அவரே சொன்னார்.